ஏரிக்கரையில் தொடங்க வேண்டிய படிப்பு

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏரி. சில ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் மாதக் காலையொன்றில், கட்டடக்கலை மாணவர்கள் பன்னிரண்டு பேரை அங்கே அழைத்துப் போயிருந்தேன். ஏரி வற்றிக் கிடந்தது. எங்கள் கையில் ட்ரோன் வைத்து எடுத்த அளவைப் படம் இருந்தது. அரை மீட்டருக்கு ஒன்றாகக் கான்டூர் கோடுகள். அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து, மழைநீர் எங்கிருந்து வந்து எங்கே தேங்கும் என்று மாணவர்கள் நீலப் பென்சிலால் வரைந்திருந்தார்கள். வடக்கு மூலைதான் ஆழம் என்று படம் சொன்னது.

கரையோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். ஒரு காலத்தில் அந்த ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது என்று பார்த்துப் பகிர்ந்து கொடுப்பவர்தான் நீர்க்கட்டி. ஒரு மாணவி படத்தை அவருக்கு விளக்கினாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் தெற்கே கை காட்டினார். “அங்க ஏது பாப்பா ஆழம்? கோரை எங்க மொளைச்சிருக்குன்னு பாரு. கடைசியா தண்ணி வத்துற எடத்துலதான் கோரை பச்சையா நிக்கும்.”

போய்ப் பார்த்தோம். தெற்குப் பக்கம் முழுக்கச் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தால் காலடியில் பாளம் பாளமாக வெடித்த களிமண், நடுநடுவே பச்சைக் கோரை, பழைய மதகின் கருங்கல் தூண்கள் இரண்டு. மேலே பறந்த ட்ரோன் கண்டது புதரின் தலையைத்தான். அதையே தரை என்று எடுத்துக்கொண்டதால், ஏரியின் ஆழமான இடம் எங்கள் படத்தில் மேடாகியிருந்தது. டம்ப்பி லெவலை நட்டு அளந்து பார்த்ததில் பெரியவர் சொன்னதே சரி.

கிளம்பும்போது அவர் கேட்டார்: “சார், இது என்ன படிப்பு? எம் பேரன் ப்ளஸ் டூ முடிச்சிருக்கான். இதுல சேக்கலாமா?” சொன்னேன். முதலில் நாட்டா என்று ஒரு நுழைவுத் தேர்வு. அதில் தேறி ஐந்தாண்டு கட்டடக்கலை படிக்க வேண்டும். அதன்பிறகு முதுகலை இரண்டாண்டு. அங்கேதான் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். அவர் விரல்விட்டு எண்ணினார். “ஏழு வருசமா? ஏரியப் பத்திப் படிக்க எதுக்கு சார் மொதல்ல வூடு கட்டப் படிக்கணும்?”

அன்று அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நியாயமான பதில் ஒன்று இருப்பதாக இன்றும் நான் நினைக்கவில்லை.

புல்தரை அல்ல

ஆங்கிலத்தில் ‘லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்’ என்கிறார்கள். தமிழில் நிலத்தோற்றக் கட்டடக்கலை, நிலவடிவமைப்பு என்று இரண்டு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. நான் நிலவடிவமைப்பு என்றே எழுதுகிறேன். லேண்ட்ஸ்கேப் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் வருவது கொரியன் புல், பேவர் பிளாக், வாசலில் இரண்டு பனை, இரவில் எரியும் பச்சை விளக்கு. கட்டடம் எல்லாம் முடிந்து, கையில் மிச்சப் பணம் இருந்தால் செய்கிற அலங்காரம். இந்த எண்ணம் இருக்கும்வரை இந்தப் படிப்புக்கு விமோசனம் இல்லை.

உண்மையில் இந்தத் துறையின் வேலை கட்டடத்துக்கு முன்பே தொடங்குகிறது. ஒரு நிலத்தில் மழை விழுந்தால் அது எந்தப் பக்கம் ஓடும், எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், மீதி யார் தலையில் போய் விழும், எந்த மண்ணில் எந்த மரம் ஐம்பது ஆண்டு நிற்கும், எங்கே கட்டக் கூடாது என்பதையெல்லாம் முதலில் கேட்டு, பிறகுதான் கோடு போட வேண்டும். மண்ணியல், நீரியல், தாவரவியல், அளவையியல் எல்லாம் ஒரே மேசையில் வந்து சேரும் படிப்பு இது.

உலகளவில் இந்தத் துறைக்கு முகவரி தந்த பிரெடெரிக் லா ஆம்ஸ்டெட் பட்டப்படிப்பு எதையும் முடித்தவர் அல்லர். விவசாயம் பார்த்தவர், பத்திரிகைக்கு எழுதியவர். அவரும் கால்வெர்ட் வாக்ஸும் 1858-இல் கொடுத்த வரைபடத்தில்தான் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவானது. பாறையும் சேறுமாகக் கிடந்த இடம் அது. இன்று அங்கே இயற்கை என்று நாம் பார்க்கும் ஏரி, புல்வெளி, மேடு எல்லாம் மண் கொட்டி, வடிகால் போட்டு மனிதக் கை செய்தவை. 1900-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இதற்கென ஒரு படிப்பைத் தொடங்கியது. தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஆம்ஸ்டெட்டின் மகன்.

அதன்பின் இந்தப் படிப்பைப் புரட்டிப் போட்டவர் ஸ்காட்லாந்தில் பிறந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த இயன் மக்ஹார்க். 1969-இல் வந்த அவருடைய ‘டிசைன் வித் நேச்சர்’ நூல் சொன்ன முறை மிக எளியது. மண்ணுக்கு ஒரு படம், நீருக்கு ஒரு படம், சரிவுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, மக்கள் வாழிடத்துக்கு ஒன்று என்று கண்ணாடித்தாளில் தனித்தனியாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வை. எந்த இடத்தில் எல்லாப் படத்திலும் கறுப்பு விழுகிறதோ அங்கே கட்டாதே. இன்று கணினியில் ஜி.ஐ.எஸ். செய்வதும் இதைத்தான். சென்னையின் பள்ளிக்கரணையை இப்படி ஐந்து தாள் வைத்துப் பார்த்திருந்தால் அங்கே ஒரு செங்கல் ஏறியிருக்காது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டருக்குப் பரந்திருந்த சதுப்பு நிலம், 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சார் தலமாக, அறிவிக்கப்பட்டபோது சுமார் 12.5 சதுர கிலோமீட்டர். தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழிந்து வரும் நீர் எல்லாம் இங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, அந்த நீர் தன் பழைய வழியைத்தான் தேடி வந்தது. வழியில் வீடுகள் இருந்தன.

நாற்பது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்

இந்தியாவில் இந்தப் படிப்பு தில்லியின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியில் 1972-இல் முதுகலையாகத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் கட்டடக் கலைஞர்கள் சட்டமும் வந்தது. ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரை யார் போட்டுக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. நிலவடிவமைப்பாளருக்கு அப்படி ஒரு சட்டம் இன்றுவரை இல்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம்.

தில்லியில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கியவர் பேராசிரியர் முகம்மது ஷாஹீர். 2015-இல் மறைந்தார். ஆகா கான் அறக்கட்டளையின் முயற்சியில், 2003-இல் முடிந்த ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தின் சீரமைப்பில் அவர் பங்கு பெரிது. அந்தத் தோட்டத்தின் கல் வாய்க்கால்களில் மோட்டார் இழுக்காமல் நீர் தானே நகர வேண்டும். ஓடுகிறது என்று தெரிய வேண்டும், சலசலக்கவும் கூடாது. அதற்காக அந்தக் கற்களை மறுபடி எடுத்து அடுக்கியபோது அவர்கள் வைத்துக்கொண்ட சரிவு நாற்பது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். ஒரு கல் சற்றே தூக்கினாலும் நீர் நின்றுவிடும்.

என் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது முதலில் நம்ப மாட்டார்கள். பிறகு கல்லூரி மொட்டை மாடிக்குப் போய், பத்து மீட்டருக்கு இருபது சென்டிமீட்டர் சரிவு என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்த தளத்தில், மழை விட்ட மறுநாளும் தேங்கி நிற்கும் குட்டையைக் காட்டுவேன். சரிவு என்பது தாளில் எழுதும் எண் இல்லை, கொத்தனாரின் கையிலும் நம் கண்ணிலும் இருக்க வேண்டியது என்று அப்போது புரியும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் உள்ள கட்டடக்கலைப் பள்ளியிலும் இது முதுகலைப் படிப்புதான். அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்திலும் அப்படியே. நாடு முழுக்கப் பெரும்பாலும் இதே நிலைமை. படிப்பின் தரத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் மனக்குறை வாசலைப் பற்றியது. வீடும் அலுவலகமும் மருத்துவமனையும் வரைந்து ஐந்தாண்டு பழகிய பிள்ளைக்கு, நிலம் என்பது கட்டடத்தைச் சுற்றியிருக்கும் வெற்றிடம் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. இருபத்து மூன்று வயதில் வந்து அந்தப் பதிவை அழிக்கவே ஓராண்டு போய்விடுகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, ஐந்தாண்டு கட்டடக்கலைக்குக் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் இந்த வாசலுக்கு வந்து சேர்கிறார்கள் என்பது. நாற்று நட்டவர் மகளும் மடை திறந்தவர் பேரனும் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். நிலத்தைப் பற்றி ஏற்கெனவே பாதி தெரிந்தவர்கள் அவர்கள்.

மண்ணின் மனிதர்

இதற்கு மறுகோடியில் ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1963-இல் பிறந்த யூ கோங்ஜியான். சிறுவயதில் வெள்ளம் வந்த ஆற்றில் விழுந்து, கரையோர வில்லோ மரத்தையும் நாணலையும் பற்றிக்கொண்டு தப்பியவர். கரையில் கான்கிரீட் சுவர் இருந்திருந்தால் பிடிக்க ஒன்றும் இருந்திருக்காது என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சுமந்த பாடம். அவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், பெய்ஜிங் வனவியல் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையைப் பள்ளி முடித்த கையோடு படிக்க முடிந்தது. பிறகு 1995-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். அங்கேயே தங்கிவிடாமல் ஊர் திரும்பினார். பீக்கிங் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையைக் கட்டி எழுப்பினார். 1998-இல் தன் நிறுவனத்துக்கு அவர் வைத்த பெயரிலேயே ‘மண்ணின் மனிதன்’ என்ற பொருள் இருக்கிறது. சீனாவின் நகரங்கள் மழையை விரட்டாமல் உறிஞ்ச வேண்டும் என்ற ‘ஸ்பாஞ்ச் சிட்டி’ கொள்கைக்கு அவரே முதன்மைக் குரல். 2015-இல் சீன அரசு அதற்குப் பதினாறு நகரங்களை முதல்கட்டமாகத் தேர்ந்தது.

இவர் செய்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு பல்கலைக்கழக வளாகம். சீனாவின் வடகிழக்கில், ஷென்யாங் நகரின் கட்டடக்கலைப் பல்கலைக்கழகம் புறநகருக்கு இடம் மாறியது. மாறிய இடம் பழைய நெல் வயல். வளாகத்தை அழகுபடுத்தப் பணம் குறைவு, நேரமும் குறைவு. யூ அங்கே நெல்லையே திரும்ப நட்டார். மழைநீரைப் பிடித்து வயலுக்குப் பாய்ச்சினார். வயலுக்குள் நேர்கோடாக நடைபாதைகள், ஆங்காங்கே உட்கார்ந்து படிக்கச் சதுரத் திட்டுகள். மாணவர்கள் நாற்று நடுகிறார்கள், அறுக்கிறார்கள். விளைந்த அரிசியைப் பொட்டலம் கட்டி விருந்தினருக்குத் தருகிறார்கள். நம் ஊரில் ஒரு கல்லூரி வயலை வாங்கினால் செய்கிற முதல் வேலை, கிராவல் கொட்டி மேடாக்குவது. நஞ்சை இருந்த சுவடுகூட மிஞ்சாது.

தன் சொந்த ஊர்ப் பக்கமான ஜின்ஹுவாவில் ஆற்றுக்கு நடுவிலிருந்த திட்டில், கான்கிரீட் வெள்ளத் தடுப்புச் சுவரை உடைத்தெடுத்துவிட்டுப் படிப்படியான மண்கரை போட்டார். வெள்ளம் வரும் நாளில் பூங்கா முழுகும், வடிந்ததும் வண்டல் படிந்து செடிகள் தழைக்கும். மேலே பாலம் மட்டும் நனையாமல் நிற்கும். இந்த முறைக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. 2021 ஜூலையில் ஜெங்ஜோ நகரில் ஒரு மணி நேரத்தில் 200 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது எந்த ஸ்பாஞ்சும் போதவில்லை. ஆனாலும் எல்லா மழையும் அப்படிப்பட்ட மழை இல்லை. 2025 செப்டம்பரில், பிரேசிலின் சதுப்பு நிலமான பன்டனாலில் விமான விபத்தில் யூ இறந்தார். செய்தி கேட்ட அன்று இரவு எனக்கு அந்த நீர்க்கட்டியின் பேரன் நினைவு வந்தது. இப்படியொருவர் நம் ஊரில் பிறந்திருந்தால் நாட்டா தேர்விலேயே நின்றிருப்பார்.

தொலைவுக்குப் போக வேண்டாம். இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் நிலவடிவமைப்பை இளநிலைப் பட்டமாகவே வைத்திருக்கிறது. உயர்தரம் (நம் ப்ளஸ் டூ மாதிரி) முடித்த பிள்ளை நேரே சேரலாம், நான்காண்டில் வெளியே வரலாம். இரண்டு கோடிச் சொச்சம் மக்கள் உள்ள நாட்டால் முடிந்தது, ஏரியும் கண்மாயுமாகச் சுமார் 39,000 நீர்நிலைகள் கொண்ட நம் மாநிலத்தால் முடியாதா?

வேலை எங்கே என்பவர்களுக்கு

இதைப் பேசினாலே முதலில் வரும் கேள்வி, படித்தால் யார் வேலை தருவார்கள் என்பது. கேட்பவர்கள் பெற்றோர், கேட்கத்தான் வேண்டும். தனியாரில் வேலை இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல்குளத்தைச் சுற்றியே நிற்கிறது. உண்மையான தேவை அரசிடம்தான் இருக்கிறது.

சட்டத்தில் ஓர் இடம் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ கட்டட வளாகமோ வந்தால், பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். கணக்கில் பார்த்தால் நகரம் வளர வளர நமக்குப் பூங்காவும் வளர வேண்டும். போய்ப் பாருங்கள். பல இடங்களில் மனை போட்டு மிஞ்சிய முக்கோண மூலைதான் ஓ.எஸ்.ஆர். அதைச் சுற்றி மதில், உள்ளே எட்டு வடிவ நடைபாதை, நான்கு உடற்பயிற்சிக் கருவி, ஓரத்தில் செம்பருத்தி. பக்கத்து மனைப்பிரிவின் ஓ.எஸ்.ஆர். நிலமும் இதுவும் ஒரே வாய்க்காலின் இரு கரையில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அந்த நிலங்களை ஒரே படத்தில் வைத்துப் பார்த்து, இது வாய்க்கால் கரை, இது குட்டை, இது நிழல் வழி என்று கோத்துக் கொடுக்க ஆள் வேண்டும். தில்லி மேம்பாட்டு ஆணையத்தில் இதற்கெனத் தனிப் பிரிவே உண்டு. தமிழ்நாட்டில் 25 மாநகராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நிலவடிவமைப்பாளர், பொறியாளருக்குக் கீழே இல்லாமல் அவருக்குச் சமமான நாற்காலியில் உட்கார வேண்டும்.

அந்த நாற்காலியில் ஆள் இல்லாததால் நாம் கொடுக்கும் விலையைத் தெருவில் பார்க்கலாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் காலை நான் நடந்து போன தெருவில் ஒன்பது மரங்கள் சாய்ந்து கிடந்தன. ஒன்றின் வேரைக் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் சாலைத் தார், மறுபக்கம் மழைநீர் வடிகால் சுவர், நடுவில் அடிமரம் வரை போட்ட நடைபாதை கான்கிரீட். வேர் போக இடமில்லாமல் கயிற்றுச் சுருணை மாதிரி தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. முப்பது அடி மரத்துக்கு மூன்றடி வேர். புயல் தள்ளியது கடைசியில்தான்.

அவசரத்துக்கு மரம் தேடினால் கொனோகார்ப்பஸ் வந்து நிற்கும். சீக்கிரம் வளரும், ஆண்டு முழுக்கப் பச்சை. சாலை நடுத்திட்டில் வரிசையாக நட்டு, கத்தரித்துவிட்டால் படத்தில் அழகாக இருக்கும். வேர் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போவதும், மகரந்தம் மூச்சுக்கு ஆகாது என்ற புகாரும் பிறகுதான் தெரிந்தன. குஜராத் அரசு 2023-இல் இதை நடத் தடை விதித்தது. புங்கனும் பூவரசும் இலுப்பையும் நாவலும் நர்சரியில் ஏன் கிடைப்பதில்லை என்றால், கேட்டு வாங்க ஆள் இல்லை.

நல்லபடியாக நடந்ததும் உண்டு. அடையாறு கழிமுகத்தில் கட்டட இடிபாடும் குப்பையுமாகக் கிடந்த 58 ஏக்கரில், மண்ணைத் திருத்தி, நீர் உள்ளே வந்து போக வழி செய்து, இந்தக் கடற்கரைக்கே உரிய செடிகொடிகளைக் கொண்டுவந்து நட்டதில் உருவானது தொல்காப்பியப் பூங்கா. 2011-இல் திறந்தார்கள். அதைச் செய்தவர்களுக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது? செம்மண் பொட்டலாகக் கிடந்த ஆரோவில்லில் 1968-க்குப் பின் வரப்பு கட்டி, மழையை நிறுத்தி, மரம் நட்டுத் தோற்றும் ஜெயித்தும் பழகியதிலிருந்து வந்தது. பாடப்புத்தகம் பின்னால்தான் வந்தது.

முதல் பருவம்

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில், நான்காண்டு இளநிலைப் பட்டம். நாற்பது இடம் போதும். சென்னையில் இல்லாமல் மதுரைப் பக்கமோ, சிவகங்கையிலோ, கண்மாய் நடுவில் இருந்தால் இன்னும் நல்லது. சேர்க்கைக்குத் தூரிகைத் திறமை பார்க்கும் தேர்வு வேண்டாம். ஒரு வயலைக் காட்டி, இதில் தண்ணீர் எப்படிப் போகும் சொல் என்று கேட்டால் போதும். விவசாயக் குடும்பப் பிள்ளைகளுக்குப் பாதி இடம் ஒதுக்கலாம். இது சலுகை இல்லை. படிப்புக்குத் தேவையான முன்னறிவு அவர்களிடம்தான் இருக்கிறது.

சொற்களும் ஊரிலிருந்தே வரட்டும். என் மாணவர்களுக்கு ‘சர்ப்ளஸ் வியர்’ தெரியும், கலிங்கு தெரியாது. மதகு, மடை, தூம்பு, வரத்துக்கால், ஆயக்கட்டு, ஊருணி, ஏந்தல், தாங்கல் என்று ஒவ்வொன்றும் ஒரு தொழில்நுட்பச் சொல். ஐயப்பன்தாங்கலிலும் பழவந்தாங்கலிலும் குடியிருந்துகொண்டே, தன் ஊர்ப் பெயரில் ஏரி இருப்பதை அறியாத பிள்ளை வரைபடத்தில் என்ன படிக்கும்?

முதல் நாள் ஆளுக்கொரு கண்ணாடி ஜாடி கொடுக்க வேண்டும். ஊரிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து, மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னலில் வைக்கட்டும். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே மணல் அடியில் இறங்கிவிடும். வண்டல் சாயங்காலத்துக்குள் தங்கும். களிமண் மறுநாளும் கலங்கலாகவே மிதக்கும். அடுக்குகளின் உயரத்தை அளந்து எழுதினால் தன் ஊர் மண் தண்ணீரை எவ்வளவு வேகமாக உள்ளே விடும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். நாற்பது ஜாடி வரிசையாக நின்றால் அதுவே தமிழ்நாட்டின் மண் படம்.

நம் கல்வியாண்டும் இதற்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும், ஏரி காய்ந்து கிடக்கும். பருவம் முடியும் முன் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். முதல் பருவத்துக்குப் பாடம் ஒன்றே ஒன்று, ஓர் ஏரி. வற்றிய ஏரியின் நடுவில் நின்று, கோரையையும் வெடிப்பையும் பார்த்து, தண்ணீர் எங்கே ஏறும் என்று ஆகஸ்டில் வரையட்டும். ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து, அவருக்குச் சம்பளம் கொடுத்து, மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரியில் உட்கார வைக்கட்டும். டிசம்பரில் கலிங்கு வழியும் நாளில் அதே தாளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய், தாங்கள் போட்ட கோட்டையும் தண்ணீர் போட்ட கோட்டையும் பக்கத்தில் வைத்துத் திருத்தட்டும்.